பெட்டியை வைத்துவிட்டுப் போன எரிக் டால்ஃபி

கடைசி உருப்படி ஓய்ந்ததும் ஒரு மனிதர் பேசுகிறார். அவசரமில்லாத குரல். இசை முடிந்ததும் காற்றோடு போய்விடும், மறுபடி அதைப் பிடிக்கவே முடியாது என்கிறார். அவ்வளவுதான், ஆல்பம் முடிந்துவிடுகிறது.

1964 ஜூன் 2 அன்று நெதர்லாந்தின் ஹில்வர்சமில் பதிவான 'லாஸ்ட் டேட்' ஆல்பம் அது. பேசுபவர் எரிக் டால்ஃபி. அதற்கு 27 நாள் கழித்து பெர்லினில் இறந்துபோனார். வயது 36.

டால்ஃபி பற்றி யார் எழுதினாலும் இந்த வரி வந்துவிடும். நானே ஒரு காலத்தில் இதை வாட்ஸப் ஸ்டேட்டஸாக வைத்திருந்தேன். இப்போது கேட்கும்போது எனக்கு லேசாகச் சிரிப்பு வருகிறது. பிடிக்கவே முடியாது என்று சொன்ன குரலை ஒரு டேப் 60 வருஷமாகப் பிடித்து வைத்திருக்கிறது. சொன்னவரும் டேப்பை அலட்சியம் செய்த ஆள் இல்லை. அந்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கிளம்புமுன், தன்னிடம் இருந்த டேப்புகளை ஒரு சூட்கேஸில் போட்டு நண்பர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போனார். வாங்கி வைத்துக்கொண்டவர்கள் இசையமைப்பாளர் ஹேல் ஸ்மித்தும் அவர் மனைவி ஹுவானிட்டாவும்.

அந்த சூட்கேஸைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டால்ஃபி யார் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 1928-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த அமெரிக்க ஜாஸ் கலைஞர். ஆல்டோ சாக்ஸபோன், புல்லாங்குழல், பாஸ் கிளாரினெட் மூன்றும் வாசிப்பார். சும்மா மாற்றி மாற்றி வாசிப்பதில்லை, மூன்றிலும் மூன்று ஆளாக இருப்பார். இதில் பாஸ் கிளாரினெட் அதுவரை ஆர்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கருவி. நெடுக வளர்ந்து, அடியில் உலோக வாய் சாக்ஸபோன் போல மேலே வளைந்திருக்கும். அதை ஜாஸில் முன்வரிசைக்குக் கொண்டுவந்து தனியாக நிறுத்தியவர் இவர்தான். தன் பெயரில் முதல் ஆல்பத்தை 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி பதிவு செய்தார். செத்தது 1964 ஜூன் 29. நாலே கால் வருஷம். அதற்குள் அடைத்து வைத்த வேலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1960 டிசம்பர் 21 அன்று சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' பதிவிலும் வாசித்திருக்கிறார், அதே நாளில் தன்னுடைய 'ஃபார் க்ரை' ஆல்பத்தையும் பதிவு செய்திருக்கிறார். நாமெல்லாம் ஒரே நாளில் பேங்க் வேலையையும் ரேஷன் கடையையும் முடித்தாலே அன்றைக்கு முழுக்கப் பெருமை பேசுவோம்.

சரி, சூட்கேஸுக்கு வருகிறேன்.

எனக்கு 'தொலைந்த ஒலிப்பதிவு' என்ற சொல் மேல் கொஞ்ச நாளாகவே எரிச்சல். வருஷா வருஷம் யாராவது ஒரு மேதையின் 'தொலைந்த ஆல்பம்' கிடைக்கிறது. அட்டையில் கறுப்பு வெள்ளைப் படம், உள்ளே தடியான புத்தகம், யானை விலை. ஆசைப்பட்டு வாங்கிக் கேட்டால், அந்த மேதை அன்றைக்கு ஏன் அதை வெளியிடாமல் விட்டார் என்பது மட்டும் நன்றாகப் புரியும். நான் இரண்டு மூன்று முறை ஏமாந்திருக்கிறேன். இன்னும் ஏமாறுவேன் என்பதும் தெரியும்.

ஆனால் டால்ஃபியின் டேப்புகள் தொலையவே இல்லை. ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்தன. எங்கே இருக்கின்றன என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாததால் அது தொலைந்ததாகிவிடுமா?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நண்பன் 'ஆறு மாசத்துல வந்து எடுத்துக்கறேன்' என்று வைத்துவிட்டுப் போனது. பதினோரு வருஷம் ஆகிறது. இரண்டு முறை வீடு மாறியிருக்கிறோம், இரண்டு முறையும் கூடவே வந்தது. போன தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது போன் பண்ணிக் கேட்டால், 'அதுல என்ன இருக்குன்னே ஞாபகம் இல்லடா, தூக்கிப் போட்டுடு' என்கிறான். போட மனசு வரவில்லை. தூசி தட்டித் திரும்ப ஏற்றிவிட்டேன். என் நண்பனாவது உயிரோடு இருக்கிறான், என்றைக்காவது வந்து கேட்பான். ஹேல் ஸ்மித் வீட்டில் இருந்த பெட்டியின் சொந்தக்காரர் வரப்போவதே இல்லை. அது தெரிந்தும் அவர்கள் வருஷக்கணக்கில் வைத்திருந்து, கடைசியில் ஜேம்ஸ் நியூட்டன் என்ற புல்லாங்குழல் கலைஞரிடம் ஒப்படைத்தார்கள். சரியான கை. அதிலிருந்து 1987-ல் 'அதர் ஆஸ்பெக்ட்ஸ்' என்று ஒரு ஆல்பம் வந்தது. அப்புறம் 2018 கடைசியில் 'மியூசிக்கல் ப்ராஃபெட்' என்று பெரிய தொகுப்பு. டால்ஃபி 1963 ஜூலை 1, 3 தேதிகளில் நியூயார்க்கில் பதிவு செய்தவை அதில் முழுசாக இருக்கின்றன. 'கான்வர்சேஷன்ஸ்', 'அயர்ன் மேன்' என்ற இரண்டு ஆல்பங்களாக முன்பே வந்தவையும், யாரும் கேட்டிராத டேக்குகளும் (ஒரே பாட்டை மறுபடி மறுபடி வாசித்துப் பதிவு செய்வதில் ஒவ்வொரு முறையும் ஒரு டேக்).

இதற்கு நேரெதிரான கதையும் டால்ஃபி வாழ்க்கையிலேயே உண்டு. 1958-ல் டிரம்ஸ் கலைஞர் சிகோ ஹாமில்டன் குழுவில் இருந்தபோது டியூக் எலிங்டன் பாடல்களை வைத்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. ஓரங்கட்டிவிட்டு, வேறு ஆட்களை வைத்து அதே பாடல்களை மறுபடி பதிவு செய்து வெளியிட்டார்கள். டால்ஃபி வாசித்தது போன இடம் தெரியவில்லை. 1995-ல் இங்கிலாந்தின் பிரைட்டனில், பழைய இசைத்தட்டுக் கடையில், மாதிரிக்காக அடித்த ஒரு தட்டு ஒருவர் கையில் சிக்கியது. 2000-ல்தான் ஆல்பமாக வெளிவந்தது. 42 வருஷம்! தயாரித்த கம்பெனி வேண்டாம் என்றதைக் காப்பாற்றியது, எப்படியோ கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த ஒரு தட்டு.

சாக்ஸபோன் மேதை ஜான் கால்ட்ரேன் கதையும் இதே ஜாதிதான். 1963 மார்ச் 6 அன்று பதிவு செய்த ஆல்பத்தின் மூல டேப் கம்பெனியிடம் இல்லை. கால்ட்ரேன் வீட்டுக்கு எடுத்துப் போன பிரதி முதல் மனைவி நைமாவின் குடும்பத்திடம் இருந்தது. 2018-ல் அதை வைத்துத்தான் ஆல்பம் போட்டார்கள். 1964 மார்ச்சில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் குழுத்தலைவர் சார்லஸ் மிங்கஸோடு டால்ஃபி வாசித்த கச்சேரி 2007-ல் வெளிவந்ததே, அந்த டேப்பைக் கண்டெடுத்ததும் மிங்கஸின் மனைவி சூ. அதனால் 'கம்பெனி தன் பெட்டகத்திலிருந்து பொக்கிஷத்தைத் திறக்கிறது' என்று விளம்பரம் வந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகவே இருக்கும். பெட்டகத்தில் போனது பல சமயம் போனதுதான். அலமாரியிலும் கட்டிலுக்கு அடியிலும் இருந்ததுதான் மிஞ்சியிருக்கிறது.

அது சரி, பத்திரமாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா, கேட்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள்.

'அலோன் டுகெதர்' என்று ஒரு பழைய பாட்டு. 1963 ஜூலையில் டால்ஃபி பாஸ் கிளாரினெட், ரிச்சர்ட் டேவிஸ் டபுள் பாஸ் (ஆள் உயரத் தந்தி வாத்தியம்), வேறு யாரும் இல்லை. தாளம் போட்டுத் தர ஆள் கிடையாது. சுமார் 13 நிமிஷம். ஆரம்பத்தில் பாட்டே இருக்காது. இருட்டில் இரண்டு பேர் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பது போல ஆளுக்கொரு பக்கம் போவார்கள். ஒருவர் கீழே இறங்கினால் இன்னொருவர் காத்திருப்பார். மெட்டு எங்கேயோ ஒரு துணுக்காகத் தலைகாட்டும், மறையும். பாஸ் கிளாரினெட்டின் அடிஸ்தாயி மரத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், மேலே போனால் கிறீச்சென்று மனிதக் குரலாகிவிடும். ஒரு கட்டத்தில் மெட்டு முழுசாக வந்து நிற்கும்போதுதான், இவ்வளவு நேரமும் இதைச் சுற்றித்தான் வந்திருக்கிறோம் என்று உறைக்கும்.

சூட்கேஸிலிருந்து இதன் இன்னொரு டேக் கிடைத்தது. அதே பாட்டு, அதே இரண்டு பேர், போகிற வழி வேறு. வெளியான டேக் நன்றாகப் போனதால் மற்றதை ஒதுக்கிவிட்டார்கள் போல, அவ்வளவுதான். மட்டம் என்று சொல்லவே முடியாது. ஏமாற்றிய 'தொலைந்த' ஆல்பங்களுக்காக நான் கொட்டிய காசெல்லாம் இந்த ஒரு டேக்கில் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இப்படிக் கணக்கு நேர் செய்வது நல்ல பழக்கம் இல்லை என்றாலும்.

டால்ஃபி வாழ்ந்த காலத்தில் இதற்கெல்லாம் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? 1961-ல் கால்ட்ரேனும் இவரும் சேர்ந்து வாசித்ததைக் கேட்டுவிட்டு 'டவுன்பீட்' பத்திரிகை விமர்சகர் ஒருவர் இது ஜாஸுக்கே எதிரானது என்று எழுதினார். 1964 ஜூனில், டால்ஃபி சாகப்போகிற அதே மாதம், அதே பத்திரிகையில் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ், இவ்வளவு மோசமாக வாசிக்க டால்ஃபியால்தான் முடியும், அடுத்த முறை பார்த்தால் காலை மிதிக்கப்போகிறேன் என்கிற ரீதியில் பேசியிருந்தார். நான் மைல்ஸை விழுந்து விழுந்து கேட்பவன். இந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் காது அடைத்திருந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. டால்ஃபி ஐரோப்பா போனதற்குக் காரணமும் இந்த மாதிரி மரியாதைதான். அங்கே என் இசையை வாசிக்க அதிக வேலை கிடைக்கும், இங்கே வித்தியாசமாக எதையாவது செய்தால் மட்டம் தட்டுகிறார்கள் என்று 'அவுட் டு லன்ச்' ஆல்பத்தின் அட்டைக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார். அந்த அட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? கடைக் கதவில் தொங்கும் 'திரும்பி வருவோம்' பலகை, அதில் ஒரு கடிகாரம், ஏழு முள். எப்போது வருவார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆல்பம் கடைக்கு வந்தபோது ஆளே இல்லை.

ஜாஸுக்கே எதிரானது என்ற அந்த விமர்சனத்துக்கு 1962-ல் கால்ட்ரேனும் இவரும் அதே பத்திரிகையில் பதில் சொன்னார்கள். டால்ஃபி சண்டை போடவில்லை, பறவைகளைப் பற்றிப் பேசினார். கலிஃபோர்னியா வீட்டில் பயிற்சி செய்யும்போது பறவைகள் கூடவே சீட்டியடிக்குமாம். செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவற்றோடு வாசிப்பாராம். பறவையின் சுரம் நம் சுரங்களுக்கு நடுவில் எங்கேயோ இருக்கும், அதைப் பிடிக்கக் கொஞ்சம் ஏற வேண்டும், இல்லை இறங்க வேண்டும் என்றவர், இந்திய இசையிலும் அப்படி ஒன்று இருக்கிறது, பெயர் வைக்கத் தெரியவில்லை, அழகாக இருக்கிறது என்றும் சொன்னார். அங்கே விமர்சகருக்குக் கணக்கு உதைத்த இடம், நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த ஆளுக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில்தான் நமக்குப் பாதி சங்கீதமே இருக்கிறது. அதே சூட்கேஸில் தபலா, தம்புராவோடு டால்ஃபி புல்லாங்குழல் வாசித்த உருப்படி ஒன்றும் இருந்தது, 'அதர் ஆஸ்பெக்ட்ஸ்' ஆல்பத்தில் கேட்கலாம். நம் ஊர்ப் பாசத்தில் அதைத் தூக்கிவைத்துப் பேச மாட்டேன். தட்டுத் தடுமாறிப் பழகிப் பார்க்கிறார், அவ்வளவே. பறவையிடம் கற்றது அவர் சாக்ஸபோனில்தான் நன்றாக உட்கார்ந்திருக்கிறது.

டால்ஃபி புரியாது, கடினம் என்று சொல்லி ஒதுங்குபவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. அவர் வாசிப்பில் இருப்பது பெரும்பாலும் கும்மாளம். ஒரு சுரத்திலிருந்து பக்கத்துச் சுரத்துக்குப் போக வேண்டிய இடத்தில் மாடிக்குத் தாவிவிட்டு, அங்கிருந்து எட்டிப் பார்த்து நம்மைக் கூப்பிடுவார். நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் 1961 ஜூலை 16 அன்று பதிவானதைக் கேளுங்கள். பியானோ சுருதி சேரவே இல்லை, யாருக்கும் தெரியும். மால் வால்ட்ரன் அந்தச் சொத்தைக் கட்டைகளையே திரும்பத் திரும்பத் தட்டித் தட்டி அதையும் ஒரு சுவையாக்கிவிடுவார். ட்ரம்பெட் வாசித்த புக்கர் லிட்டில் மூன்றே மாதத்தில், 23 வயதில் போய்விட்டார். அன்றைக்கு டேப் ஓடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

சாவைப் பற்றி ஒரே பாராவில் முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் டால்ஃபி பதிவுகளில் பாதி அதிலேயே மூழ்கிவிடுகின்றன. அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது தெரியாமலே போனது. பெர்லினில் மயக்கமாகிவிட்டார். கறுப்பின ஜாஸ் கலைஞர் என்றதும் போதை மருந்தாக இருக்கும் என்று மருத்துவர்கள் விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை பலராலும் சொல்லப்படுகிறது. அவர் போதைப் பக்கமே போகாதவர். மிங்கஸ் அந்த ஜூலையில் பிறந்த மகனுக்கு எரிக் டால்ஃபி என்றே பெயர் வைத்தார். டால்ஃபியின் புல்லாங்குழலும் பாஸ் கிளாரினெட்டும் கால்ட்ரேன் வீட்டுக்குப் போயின. பிறகு 1967-ல் ஒரு பதிவில் கால்ட்ரேன் புல்லாங்குழல் வாசித்திருக்கிறார்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு: 'அவுட் டு லன்ச்' பெரிய ஆல்பம்தான், ஆனால் அதில் ஆரம்பிக்காதீர்கள், பாதியில் ஓடிவிடுவீர்கள். 'காட் ப்ளெஸ் தி சைல்ட்' கேளுங்கள், பாஸ் கிளாரினெட் மட்டும் தனியாக. 1963-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வாசித்தது நல்ல பதிவு, அதுவும் 1999-ல்தான் வெளியே வந்தது. பிறகு ஃபைவ் ஸ்பாட். பிறகு 'அலோன் டுகெதர்' இரண்டு டேக்கும், முடிந்தால் ஒரே ராத்திரியில், ஹெட்போனில். கடைசியாக 'லாஸ்ட் டேட்'.

கடைசி என்று பெயர்தான். அதைப் பதிவு செய்து ஒன்பது நாள் கழித்து, ஜூன் 11 அன்று பாரிஸில் டால்ஃபி மறுபடி வாசித்திருக்கிறார். அந்த டேப்பும் இருக்கிறது.