நாலரை மணிப் பசி

பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் சுண்டலாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்று பேச்சை எடுத்தாலே, "காலையில் உப்புமா, மதியம் முட்டையோடு சாப்பாடு, இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள் நம் சேலத்திலேயே உண்டு. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் வந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் சாதாரணச் சாதனைகள் அல்ல என்பதால், அந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வளரும் வயதில் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை, வீட்டில் அடுப்பு மூட்டாத நாளில் வெறும் வயிற்றோடு வந்து, மதியம் மட்டும் சாப்பிட்டுவிட்டு இரவு வரை காத்திருக்கிறது.

சேலத்தின் நெசவாளர் பகுதிகளான குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறி நின்ற பிறகுதான் பல வீடுகளில் உலை வைப்பார்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், எஸ்டேட் வேலைக்குப் போன தாய் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். இடையில் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது பெட்டிக்கடையில் தொங்கும் ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட். பாதிக்கு மேல் காற்று, மீதி எண்ணெயும் உப்பும். (அதை வாங்கித் தரும் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, ஐந்து ரூபாய்க்கு வேறு எதுவும் கையில் கிடைப்பதில்லை.) முப்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. சத்துணவுக் கூடமும் பாத்திரமும் பள்ளியிலேயே இருக்கின்றன. மதியச் சமையல் முடிந்த அடுப்பில் இன்னொரு குண்டான் ஏற்றுவது பெரிய காரியமல்ல.

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்குப் பிந்தைய இரவு உணவை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தபோது, அதனோடு பாடமோ விளையாட்டோ ஏதாவது ஒன்று நடக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் இருந்தது. நம் ஊரில் அந்த நிபந்தனையை அப்படியே வைத்தால் மலைப் பிள்ளைகள்தான் விடுபடுவார்கள். இருட்டுவதற்குள் காப்பித் தோட்டங்களுக்கு ஊடே நடந்து ஊர் சேர வேண்டிய பிள்ளையை, சுண்டலுக்காக ஆறு மணி வரை உட்கார வைக்க முடியாது. ஆகவே கடைசி மணி அடித்த உடனே பரிமாறிவிட வேண்டும். மாலை வகுப்பு தனியாக நடக்கட்டும்.

செலவுக் கணக்குப் போடும்போது கடலை விலையை மட்டும் எழுதிவிட்டு, சமையலரும் உதவியாளரும் கூடுதலாக நிற்கப்போகும் நேரத்துக்கான ஊதியத்தை 'சேவை' என்ற பெயரில் விட்டுவிடக் கூடாது. அந்தத் தொகையையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துத்தான் இந்தத் திட்டத்தைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.