யூஎஸ்ஆருக்கு விரிவாக்கம் கேட்காதீர்கள்

புதிதாக லினக்ஸ் போட்ட மெஷினில் டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ் -எல் /’ (ls -l /) அடித்து, மேல்மட்ட டைரக்டரிகளின் பட்டியலைப் பாருங்கள். ‘பின் -> யூஎஸ்ஆர்/பின்’ என்று ஒரு அம்புக்குறி நிற்கும். புரோகிராம்கள் இருக்கும் பின் (bin) இப்போது டைரக்டரியே இல்லை, யூஎஸ்ஆர் (usr) டைரக்டரிக்குள் இருக்கும் பின்னைக் கைகாட்டும் வெறும் சிம்லிங்க். ஒரு பழைய கணக்கைத் தீர்த்த அடையாளம் அது.

யூஎஸ்ஆர் என்றால் ‘யுனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்’ என்று இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். (இன்டர்வியூவில் அதையே ஒப்பித்து வேலை வாங்கியவன்தான் நானும்.) பிற்பாடு ஒட்டவைத்த விரிவாக்கம் அது. 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-11 கம்ப்யூட்டரில் லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸை வளர்த்தபோது, யூசர்களின் ஃபைல்கள் இருந்த இரண்டாவது டிஸ்க் அது; அவ்வளவுதான். சிஸ்டம் இருந்த முதல் டிஸ்க், அதாவது ரூட் டிஸ்க், நிரம்பி வழிந்ததும், மிச்சப் புரோகிராம்களை அந்த இரண்டாவது டிஸ்க்குக்குத் தள்ளினார்கள். அங்கேயும் ஒரு பின், லைப்ரரிகளுக்கு ஒரு லிப் (lib) முளைத்தன. ஆனால் இரண்டாவது டிஸ்க்கை மவுண்ட் செய்யும், அதாவது சிஸ்டத்தோடு இணைக்கும், கட்டளை முதல் டிஸ்க்கில்தானே இருந்தாக வேண்டும்? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியுமா? அதனால் பூட் ஆகத் தேவையானது இங்கே, மற்றதெல்லாம் அங்கே.

இடம் போதாமல் செய்த ஏற்பாடு. டிஸ்க்குகள் எத்தனையோ மடங்கு பெருத்த பிறகும் அதைச் சாஸ்திரமாகக் காப்பாற்றினோம். லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 2012இல் 17ஆம் பதிப்பில் இரண்டையும் ஒன்றாக்கியது. டெபியனில் 2023இல், 12ஆம் பதிப்பில்தான் கட்டாயமானது.

என்னைக் கேட்டால், இந்த டைரக்டரி மரத்தில் உருப்படியான பிரிவு வேறு: எது மாறும், எது மாறாது. யூஎஸ்ஆரில் இருப்பது, புரோகிராம்களை நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜர் போட்டது. போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எட்சியில் (etc) இருப்பது அந்த மெஷினுக்கென்று நாம் எழுதிய கான்ஃபிக். வாரில் (var) இருப்பது ஓடும்போதே மாறிக்கொண்டிருப்பது. பேக்கப் எடுக்க உட்காரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

எனக்குத் தெரிந்தது தாமதமாகத்தான். ஒருமுறை என் டிஸ்க் செத்துப்போனது. எட்சி, ஹோம் இரண்டுக்கும் பேக்கப் இருந்ததால் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டேன். வாரை மட்டும் எடுத்து வைக்கவில்லை. லாக்தானே, போனால் போகட்டும் என்று நினைப்பு. டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸை ஸ்டார்ட் செய்தேன். பளிச்சென்று ஓடியது. ஒரு டேபிள்கூட இல்லை. டேட்டா முழுக்க வார்/லிப்புக்குள் இருந்திருக்கிறது.