540 வேண்டாம், 44என் போடுங்க

ஆர்டுயினோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் சின்ன கன்ட்ரோல் போர்டு) பற்றிய ஒரு கட்டுரையில், அதன் அவுட்புட் பின்னில் (காலில்) இருந்து நேராக ஐஆர்எஃப் 540 என்ற மாஸ்ஃபெட்டின் (மின்னணு சுவிட்ச்) கேட்டுக்கு, அதாவது அதைத் திறந்து மூடும் காலுக்கு, கொடுத்து 12 வோல்ட் மோட்டாரை ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். மோட்டார் சுற்றும், ஆனால் மாஸ்ஃபெட் கொதிக்கும். அது முழுசாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும். ஆர்டுயினோ தருவதோ 5. அரைகுறையாகத் திறந்தால் மிச்சமெல்லாம் சூடுதான். ஐஆர்எல்இசட் 44என் என்ற மாஸ்ஃபெட் வாங்குங்க, 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும். பாகத்தின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்க, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

ஆர்டுயினோ பின்னுக்கும் கேட்டுக்கும் நடுவே வரிசையாக 220 ஓம் ரெசிஸ்டர். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இது இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் இருந்து புரோகிராம் ஏற்றும்போது ஆர்டுயினோ பின் அந்தரத்தில் நிற்கும், மோட்டார் தானாகத் துள்ளும். மோட்டாருக்குக் குறுக்கே டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். வேகத்தை பிடபிள்யூஎம்மில் (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் முறை) மாற்றுவதாக இருந்தால் 1என்4007 டயோடு மெதுவானது, 1என்5822 என்ற வேகமான ஷாட்கி டயோடு சரி. ஆர்டுயினோ, மோட்டார் இரண்டின் சப்ளை கிரவுண்டும் சேர்ந்திருக்கணும், பாதிப் புகார் அங்கேதான்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீடு என்றால் இன்னொன்று: உப்புக்காற்றில் சால்டர் வைத்த இடத்துச் செம்பு பச்சை பூக்கும். ஃப்ளக்ஸை (சால்டர் வைத்த பிறகு மிஞ்சும் பசையை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு பிசிபி லாக்கர் (சர்க்யூட் போர்டுக்கான பாதுகாப்புப் பூச்சு) அடிங்க. லாக்கர் அடிக்கும் முன் கனெக்டர் துளைகளுக்கு டேப் ஒட்டிடுங்க.