பிராஞ்ச் திறக்கிறவர்கள் கவனத்துக்கு

புது ரிலீஸ் பிராஞ்ச், அதாவது ஒரு பதிப்பைத் தனியாகப் பராமரிக்கும் கோட் கிளை, திறக்க ஒரு கட்டளை போதும். அரை நொடி வேலை. வம்பே அதனால்தான்.

நான் பங்களிக்கும் சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றில் நான்கு பிராஞ்சுகள் உயிரோடு இருந்தன: 1.8, 2.0, 2.1, அப்புறம் புது வேலை நடக்கும் மெயின். வேலை பார்க்க மூன்று பேர். மூவருக்கும் சோறு போடுவது வேறு வேலை. "யாராவது இன்னும் 1.8 வைத்திருப்பார்கள், பாவம்" என்று எதையும் மூடாமலே ஓட்டிக்கொண்டிருந்தோம்.

2024 மார்ச்சில் ஒருவர் எழுதினார். பிப்ரவரி 29 தேதியிட்ட அவருடைய பில்கள் எல்லாம் மார்ச் 1 ஆகிவிட்டனவாம். அவர் இருந்தது 1.8. மெயினில் இரண்டே வரித் திருத்தம். அதை மட்டும் எடுத்து 1.8-இல் சேர்க்கப் பார்த்தால் (செர்ரி-பிக்) கான்ஃப்ளிக்ட், பழைய கோடோடு பொருந்தவில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்த ஃபங்ஷனுக்குப் பெயர் மாறி, ஃபைல் மாறி, உள்ளே பாதி வேறாகியிருந்தது. ஞாயிறு இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து கையாலேயே எழுதிச் சேர்த்தேன். டெஸ்ட் ஓடியது, புதுப் பதிப்பு என்று டேக் போட்டேன், தூங்கப் போனேன்.

2.0, 2.1 இரண்டும் நினைவுக்கே வரவில்லை.

ஜூனில் அதே மனிதர், எங்கள் பேச்சைக் கேட்டு 2.0-வுக்கு மாறினார். பில்கள் மறுபடி மார்ச் 1. "சரி செய்துவிட்டதாகச் சொன்னீர்களே?" என்று ஒரு வரிதான் எழுதினார். நாலு வசவு வைதிருந்தால்கூடத் தேவலாம்.

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு, வெளியான பதிப்புகளில் திருத்தம் சேர்ப்பதற்கென்று உள்ள ஸ்டேபிள் விதிகள் இதைத்தான் முன்கூட்டியே சொல்கின்றன. திருத்தம் முதலில் மெயின்லைனில், அதாவது அவர்களுடைய மெயினில், இருக்க வேண்டும். பழைய பிராஞ்சுக்குக் கொண்டுபோனால், இன்னும் ஆதரவில் உள்ள புதிய பிராஞ்சுகளுக்கும் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்டேட் செய்கிறவர் பழைய பிழையிலேயே போய் விழுவார். பேட்ச், அதாவது அனுப்பும் திருத்தம், நூறு வரிக்கு மேல் போகக்கூடாது என்பதும் அங்கே விதி. முன்பு இதையெல்லாம் அதிகாரித் திமிர் என்று நினைத்தவன் நான்.

ஆனால் விதியை எழுதி ஒட்டிவிட்டால் மட்டும் தீராது. மூன்று பேர் நான்கு பிராஞ்சைக் காப்பாற்ற முடியாது, அவ்வளவுதான். என் கட்சி இதுதான்: பிராஞ்ச் திறக்கும் அன்றைக்கே மூடும் தேதியையும் அறிவித்துவிட வேண்டும். பைதான் நிரல்மொழி இப்போது அப்படித்தான் நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு பதிப்பு, அக்டோபரில். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆயுள். முதலில் பிழைத்திருத்தம், பிற்பாதியில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் விண்டோஸ் இன்ஸ்டாலர்கூடக் கிடையாது, சோர்ஸ் கோடை எடுத்து இயங்கும் புரோகிராமாக நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும்.

அவர்களும் பட்டுத்தான் தெளிந்தார்கள். 2010-இல் வந்த பைதான் 2.7-க்கு 2015 என்று நாள் குறித்து, அப்புறம் 2020-க்குத் தள்ளினார்கள். கடைசிப் பதிப்பான 2.7.18 வெளிவந்தது 2020 ஏப்ரலில். அதற்குப் பிறகும் 2.7 வேண்டும் என்றவர்களுக்கு ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் சந்தா வாங்கிக்கொண்டு ஆதரவு கொடுத்தன. அது நியாயம். பழையதுதான் வேண்டும் என்பவர் காசு கொடுக்கட்டும், அல்லது ஆள் கொடுக்கட்டும். கோட் எல்லோருக்கும் திறந்துதானே கிடக்கிறது.

இன்னொரு தொல்லை, "சின்ன மாற்றம்தானே, 2.1-இலேயே சேர்த்துவிடுங்களேன்" என்று வரும் கோரிக்கை. கேட்பவர் பெரும்பாலும் நண்பராகவே இருப்பார். முடியாது என்று சொல்லும் வேலையை எங்களில் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவருக்கு இப்போது நண்பர்கள் கொஞ்சம் குறைவு.

1.8-ஐ மூடியாயிற்று. 2.0 டிசம்பர் 31-உடன் முடிகிறது. அதில் இருப்பவர்கள் 2.1-க்கு மாறுங்கள். ஏதாவது உடைந்தால் எழுதுங்கள், பார்க்கிறேன். ஞாயிறு ராத்திரி மட்டும் வேண்டாம்.