சுருக்குக் கம்பிக்கு மருந்து சரணாலயம் இல்லை

சர்க்கஸ் கூண்டிலிருந்து மீட்கப்பட்ட சிங்கம் ஒன்று முதல் தடவையாகப் புல்லில் கால் வைக்கிற காணொளி இரண்டு நாளாகச் சுற்றுகிறது. இலங்கை மலையகத்தைச் சேர்ந்த நம்ம ஆட்கள் பலர் அதைப் பகிர்ந்து, "மலையகச் சிறுத்தைகளுக்கும் இப்படி ஒரு சரணாலயம் கட்டக்கூடாதா?" என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல மனசோடு கேட்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம் சிறுத்தைக்கு ஆபத்து, பன்றிக்குக் கட்டுகிற கம்பிச் சுருக்கில்தான் இருக்கிறது.

நான் சிறுத்தையை முதன்முதலில் பார்த்தது ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில். விடியற்காலை மூன்று மணிக்கு பஸ் ஏறி, ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு கொழும்புப் பக்கம் போனோம். கூண்டுக்குள் அது ஒரே கோட்டில் போவதும் திரும்புவதுமாக இருந்தது. அது நடந்த இடத்தில் மட்டும் சிமெந்துத் தரை வழவழவென்று மின்னியது. வீட்டுக்கு வந்து அப்பாயியிடம் சொன்னேன். "இதப் பாக்கவா அம்புட்டு தூரம் போன? நம்ம நாய் ஜிம்மிய வாசல்ல இருந்து தூக்கிட்டுப் போனதும் இதோட சொந்தக்காரன்தானே" என்றார். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் அது எப்போதும் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் அது கண்ணில் பட்டதில்லை. (ஊரில் அதைப் புலி என்றுதான் சொல்வோம். எழுதும்போது சிறுத்தை என்று எழுதுவதற்கு இந்த நாட்டில் வேறு காரணமும் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியும்.)

அந்தச் சிங்கங்களின் கதை வேறு. பொலிவியா 2009இல் சர்க்கஸில் விலங்குகளை வைத்திருப்பதையே தடை செய்தது. மீட்ட சிங்கங்களில் 25ஐ 2011இல் விமானத்தில் அமெரிக்காவின் கொலராடோவுக்குக் கொண்டுபோனார்கள். 2016இல் பெரு, கொலம்பியா சர்க்கஸ்களிலிருந்து 33 சிங்கங்கள் தென்னாப்பிரிக்காவுக்குப் போயின. பலவற்றுக்கு நகத்தைப் பிடுங்கி, பல்லை உடைத்திருந்தார்கள். இந்தியாவிலும் சிங்கம், புலி, கரடியை வைத்து வித்தை காட்டுவதை 1998இல் தடை செய்த பிறகு சர்க்கஸ் சிங்கங்களுக்கு வண்டலூர் போன்ற இடங்களில் மீட்பு மையம் அமைக்க வேண்டி வந்தது. கூண்டில் பிறந்து, மனிதன் போட்ட இறைச்சியைத் தின்று வளர்ந்த மிருகத்தைக் காட்டில் விட்டால் அதற்கு வேட்டையாடத் தெரியாது, மனிதனைக் கண்டு பயமும் இருக்காது. அதனால்தான் சாகும்வரை வேலிக்குள் வைத்துச் சோறு போடுகிறார்கள். நல்ல சரணாலயம் குட்டி போட விடாது, விற்காது, மடியில் வைத்துப் படம் எடுக்கவும் கொடுக்காது. குட்டியைக் கையில் தந்து காசு வாங்குகிற இடம் எந்தப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தாலும் அது கடைதான்.

நம் சிறுத்தைக்குப் போக்கிடம் இல்லாமல் இல்லை. அது ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறது. பிடித்து வேறு காட்டில் விடலாமே என்பவர்களுக்கு மகாராஷ்டிராவின் ஜுன்னாரைச் சொல்வேன். அங்கே 2001ஐ ஒட்டிய வருஷங்களில் ஊர்ப்பக்கம் வந்த சிறுத்தைகளைப் பிடித்து வேறு இடங்களில் விட்டார்கள். மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. பழகின இடத்தைப் பறிகொடுத்த மிருகம், தெரியாத ஊரில் என்னதான் செய்யும்?

2020 மே மாதம் மலையகத்தில் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது நினைவிருக்கும். கழுத்தில் கம்பிச் சுருக்கு. மயக்க ஊசி போட்டு, மலையிறக்கி, சிகிச்சைக்காக உடவளவை வரைக்கும் கொண்டுபோனார்கள். சில நாளிலேயே செத்துப்போனது. கம்பி இறுகின இடத்தில் வெளியே ஒரு கோடுதான் தெரியும், உள்ளே சதை நசுங்கியிருக்கும். திமிறத் திமிற இன்னும் இறுகும். நேரம் போகப் போகப் பிழைக்கிற வாய்ப்புக் குறையும். அதன் பிறகு எவ்வளவு பெரிய சரணாலயம் காத்திருந்தாலும் என்ன பயன்?

அந்த நேரம் எங்கே வீணாகிறது என்பது லயத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு முறை எங்கள் தோட்டத்தில் ஒருவர் விறகுக்குப் போனபோது சுருக்கில் சிறுத்தையைக் கண்டார். மதியம் வரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன்பு இன்னொருவர் சொல்லப்போய், "கம்பி கட்டினது நீதானே?" என்று நாள் முழுக்க உட்கார வைத்து விசாரித்திருந்தார்கள். ஒரு நாள் பேரு (வேலைக்கு வந்ததாகப் போடுகிற பதிவு) போனால் அந்தச் சம்பளத்தை யார் தருவது? கொழும்பிலிருந்து "தோட்டத்து ஆட்கள் கொலைகாரர்கள்" என்று கருத்துப் போடுகிறவர்களுக்கு இது புரிவதில்லை.

கம்பி கட்டுவது சிறுத்தைக்காக இல்லை. மரக்கறித் தோட்டத்தைக் கிண்டுகிற பன்றிக்கு. சிலர் இறைச்சிக்காகவும் கட்டுகிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. பன்றி வரும் தடத்தில் சிறுத்தையும் வரும், அவ்வளவுதான். எனவே எனக்குக் காசும் அதிகாரமும் கிடைத்தால் சரணாலயத்துக்கு ஒரு ரூபாயும் ஒதுக்க மாட்டேன். பன்றி நுழையாத வேலிக்குக் கொடுப்பேன், மயக்க ஊசி போடத் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவரை ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ இருத்துவேன், தகவல் சொன்னவரை விசாரணைக்கு இழுக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுவேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் உருளைக்கிழங்குப் பாத்திக்குப் பின்னால் மூன்று சுருக்குகளைக் கண்டேன். பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள். ஒரு நுனி கொய்யா மரத்தின் அடியில், மறு நுனியில் நழுவி இறுகுகிற முடிச்சு, மேலே காய்ந்த புல். நானே கழற்றினேன். இப்போது சித்தி அதில் துணி காயப்போடுகிறார். அடுத்த வாரமே பன்றி வந்து இரண்டு பாத்தியைக் கிண்டிவிட்டது. சித்தப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.