கேழ்வரகு சரி, கஞ்சிதான் இடிக்கிறது

அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கு மாறினால் சர்க்கரை நோய் வராது என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிட்டது. பாதிதான் சரி. நைஸாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் கேழ்வரகும் வேகமாகச் செரித்துச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும். களியாகவோ அடையாகவோ செய்து, கூட முருங்கைக்கீரையும் நெத்திலிக் குழம்பும் வையுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, மிச்சக் காலில்தான் களியோ சோறோ. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டால் ஏற்றம் இன்னும் குறையும்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். புதுச்சேரி பீச் ரோட்டில் மாலையில் வண்டி விடுவதில்லை, வசதிதான். ஆனால் பலர் காந்தி சிலைகிட்ட நின்று நின்று நடந்து பஜ்ஜியில் முடிக்கிறார்கள்! ராத்திரி சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்தால், வேலை செய்யும் தசை அப்போதே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

இடுப்புச் சுற்றளவுக்குப் பேண்ட் சைஸை நம்பாதீர்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப் பிடியுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டினால் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துப் பாருங்கள். 100 முதல் 125 மி.கி./டெ.லி. வரை வந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய எல்லைக்கோடு.