ஒரு வாரத்தில் விமானம் ஏறலாமா?

"ரெட்டினா ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டால் தாராளமாக விமானத்தில் போகலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். ஆபரேஷனின்போது விழித்திரையை (ரெட்டினாவை) அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் பார்வையே போய்விடக்கூடும்.

உயரே போகப் போக விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும். கண்ணில் இருக்கும் வாயுக் குமிழி விரியும். கண் அழுத்தம் ஏறி, விழித்திரைக்குப் போகும் ரத்த ஓட்டமே நின்றுவிடலாம். இப்படி நிரப்பும் வாயுக்களில் எஸ்எஃப்6 என்பது கரைய சுமார் 2 முதல் 3 வாரம் ஆகும். சி3எஃப்8 என்றால் 6 முதல் 8 வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக. நாளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. குமிழி முழுதும் கரைந்துவிட்டதென்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். உயரமான மலைப்பயணத்துக்கும் இதேதான். வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்தவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை, எழுதியவருக்கு அப்படி இருந்திருக்கலாம்.

பலர் சொல்ல மறப்பது ஒன்று உண்டு. குமிழி இருக்கும்போது வேறு ஆபரேஷனுக்கோ பல் சிகிச்சைக்கோ போனால் முதலில் இதைச் சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு மயக்க வாயுவும் குமிழியைப் பெரிதாக்கிவிடும். திடீரென்று கடும் வலியோ பார்வை மங்கலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.